தோற்ற நாளுக்கு அடுத்த நாள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் வெற்றிகளை எண்ணிப் பார்ப்பது வழக்கம். இந்த மலரிலும் அந்தப் பட்டியல் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் விளையாட்டைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டபோது, தோல்வியைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அதிலும் குத்துச்சண்டைக்காரர்களின் தோல்வியைப் பற்றி. சிலர் சிரிக்கிறீர்கள். எங்கள் பாடசாலையில் யாரும் குத்துச்சண்டைக் கையுறை போட்டதில்லை என்பது உண்மைதான். நாங்கள் வலைப்பந்து ஆடியவர்கள். வலைப்பந்தில் தோற்றால் அந்தத் தோல்வியை ஏழு பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். குத்துச்சண்டையில் அப்படி முடியாது. எல்லோரும் பார்த்திருக்க, ஒருவர் தனியே நின்று தோற்க வேண்டும். பரீட்சைப் பெறுபேறு வரும் நாளும் அப்படித்தான்.

நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் ஒரு பிள்ளை உயர்தரப் பரீட்சையில் சித்தியடையவில்லை. கெட்டிக்காரி. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "பரவாயில்லை பிள்ளை, அடுத்தமுறை பார்த்துக்கொள்ளலாம். உன்னால முடியும்" என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். தாய் தேநீர் தந்தார். நானும் கடமை முடிந்தது என்று திரும்பிவிட்டேன். அவள் அதன்பிறகு பாடசாலைப் பக்கம் வரவே இல்லை. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவள் பிடித்துக்கொண்டு எழும்ப அதில் ஒன்றும் இருக்கவில்லை என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. தோல்விக்குப் பிறகு ஒரு மனிதர் எப்படி எழும்புகிறார் என்று தேடி வாசிக்கத் தொடங்கியது அதனால்தான். அந்தத் தேடலில்தான் குத்துச்சண்டைக்காரர்களைக் கண்டேன்.

முதலில் ஒரு பழைய கதை. பிளொய்ட் பற்றர்சன் அமெரிக்காவின் அதிபார உலக சம்பியன். 1959 ஜூன் மாதம் சுவீடன் நாட்டவரான இங்கெமார் யொகான்சனிடம் தோற்றார். மூன்றாவது சுற்றிலேயே ஏழு தடவை விழுந்தார். பிறகு பல நாட்கள் வெளியே முகம் காட்டாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். ஆனாலும் பயிற்சிக்குத் திரும்பினார். 1960 ஜூனில் அதே யொகான்சனை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தினார். இழந்த அதிபாரப் பட்டத்தை மீளப் பெற்ற முதல் மனிதர் அவர்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் மேடைக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் 1962இல் சனி லிஸ்ரனிடம் முதற்சுற்றிலேயே பட்டத்தை மறுபடியும் இழந்தார். அன்றிரவு ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு, யாரும் அடையாளம் காணாதபடி சிக்காக்கோவை விட்டுப் போனார். தோற்றால் அணிவதற்கென்று அந்தத் தாடியை முன்கூட்டியே கொண்டு வந்திருந்தார். உலகையே வென்று காட்டிய மனிதருக்கும் வெட்கம் அவ்வளவு பெரிதாக இருந்தது. தன்னம்பிக்கை ஒருமுறை சம்பாதித்துப் பெட்டியில் பூட்டி வைக்கும் நகை அல்ல என்பதை அவரிடம் படித்தேன். அது செலவழியும். திரும்பவும் சம்பாதிக்க வேண்டும். பற்றர்சனும் அந்தத் தாடியோடு நின்றுவிடவில்லை. 1972 வரை வளையத்துக்குள் இறங்கிக்கொண்டே இருந்தார்.

எப்படிச் சம்பாதிப்பது? தோற்றவர் செய்யும் வேலைகளைப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது.

முதல் வேலை ஓய்வு. தலையில் பட்ட அடிகளால் போட்டி நிறுத்தப்பட்டால், குறைந்தது 30 நாட்களுக்குப் போட்டியோ எதிராளியுடனான பயிற்சிச் சண்டையோ கூடாது என்று ஒலிம்பிக் வகைக் குத்துச்சண்டையின் மருத்துவ விதிகள் சொல்லி வந்திருக்கின்றன. மூன்று மாதத்துக்குள் இரண்டாவது தடவையும் அப்படி நடந்தால் 90 நாட்கள். "நாளைக்கே எழும்பி நில்" என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பெறுபேறு வந்த அன்று மாலையே "இனி என்ன செய்யப் போகிறாய்?" என்று பிள்ளையை விசாரிக்கும் நாங்கள் இந்த விதியைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வேலை, தோல்வியைத் திரும்பப் பார்ப்பது. பயிற்றுநரோடு அமர்ந்து போட்டியின் காணொளியைப் பார்ப்பார்கள். இடது கை எப்போது இறங்கியது, மூச்சு எந்தச் சுற்றில் வாங்கியது, எந்த அடியைக் கண்டும் விலகவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். "நான் எதற்கும் உதவாதவள்" என்பது மனதில் நிற்கும் பெரிய நிழல். "என் இடது கை இறங்கியது" என்பது திருத்தக்கூடிய ஒரு தவறு. நிழலைத் தவறாக மாற்றுவதுதான் அங்கே நடக்கிறது.

நான் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்தவள். காலபோகம் பிழைத்துப்போன வருடத்தில் அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார். மூன்றாம் நாள் வாய்க்கால் வழியே நடப்பார். மழை பிந்தியதா, தண்ணீர் கடைசி வயலுக்கு வரவில்லையா, பூச்சியா, விதை நெல்லா என்று பார்த்துக்கொண்டே போவார். "நான் விவசாயி இல்லை" என்று ஒருநாளும் சொன்னதில்லை. காணொளி பார்க்கும் குத்துச்சண்டைக்காரரும் அந்த வாய்க்கால் வழியேதான் நடக்கிறார்.

மணிப்பூரின் மேரி கோமை எடுத்துக்கொள்வோம். 2001இல் அமெரிக்காவில் நடந்த முதலாவது உலகப் பெண்கள் குத்துச்சண்டைப் போட்டியில் இறுதிவரை வந்து தோற்றார். அடுத்த வருடம் துருக்கியில் தங்கம் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அங்கே பெண்களுக்கு 51, 60, 75 கிலோ என்று மூன்றே மூன்று எடைப்பிரிவுகள். அதைவிடக் குறைந்த எடையில் வென்று வந்த மேரி, தன்னிலும் உயரமானவர்களோடு 51 கிலோவில் இறங்க வேண்டியிருந்தது. அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கொலா அடம்ஸிடம் 6க்கு 11 என்று தோற்றார். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. 2018 நவம்பரில் புதுடில்லியில், தன் பழைய 48 கிலோ பிரிவில், ஆறாவது தடவையாக உலக சம்பியனானார். ஐந்தாவது பட்டத்துக்கும் ஆறாவதுக்கும் இடையில் எட்டு வருடங்கள். வெற்றிப் பட்டியலில் அந்த எட்டு வருடங்கள் வெறும் காற்புள்ளியாகத்தான் தெரியும்.

மூன்றாவது வேலை, சிறியதில் தொடங்குவது. முதலில் எதிராளி இல்லாமல் நிழலோடு குத்துவது. பிறகு மணல் மூட்டை. பிறகு பயிற்றுநர் கையில் பிடிக்கும் மெத்தைப் பட்டை. பிறகு அடியை அளந்து போடத் தெரிந்த ஒரு தோழியோடு பயிற்சிச் சண்டை. கடைசியாகத்தான் போட்டி. அல்பேட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில், "என்னால் முடியும்" என்ற எண்ணத்துக்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்றார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் தைரிய வார்த்தை, உடலும் மனமும் இருக்கும் நிலை என்பன அவை. இவற்றில் மிக வலியது தானே செய்து முடிப்பது. வார்த்தை மட்டும் தரும் நம்பிக்கை அடுத்த அடியில் கரைந்துவிடும். நான் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது மூன்றாவது ஊற்றை மட்டும்தான். அவளுக்குத் தேவைப்பட்டது, ஒரு பழைய வினாத்தாளில் ஒரேயொரு கேள்வியை என்னோடு உட்கார்ந்து செய்து முடிப்பது.

இரண்டாவது ஊற்றுக்கு நிகத் சரீன் நல்ல சாட்சி. தெலுங்கானாவின் நிசாமாபாத்தைச் சேர்ந்தவர். 2011இல் கனிஷ்ட உலக சம்பியன். 2017இல் தோள்பட்டைக் காயம் அவரை ஒதுக்கி வைத்தது. 2019 டிசம்பரில், ஒலிம்பிக் தகுதிகாண் போட்டிக்கு யாரை அனுப்புவது என்ற தேர்வில், மேரி கோமிடம் 1க்கு 9 என்று தோற்றார். ஊடகங்கள் எல்லாம் பார்த்திருந்த தோல்வி அது. 2022 மே மாதம் இஸ்தான்புல்லில் உலக சம்பியனானார். அடுத்த வருடம் புதுடில்லியில் மீண்டும் வென்றார். 2024 பரிஸ் ஒலிம்பிக்கிலோ, இறுதியில் தங்கம் வென்ற சீனாவின் வூ யூவிடம் காலிறுதிக்கு முந்திய சுற்றிலேயே தோற்று வெளியேறினார். மறுபடியும் வாய்க்கால் வழியே நடக்க வேண்டும். இதைப் பார்க்கும் ஒரு சிறுமி, வென்றவர்களும் தோற்கிறார்கள், தோற்றவர்கள் திரும்ப வருகிறார்கள் என்ற இரண்டையும் ஒரே ஆளிடம் கற்றுக்கொள்கிறாள்.

எங்கள் நாட்டுக்கும் வருவோம். 2018இல் அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில், அதே மேரி கோமுக்கு எதிராக 48 கிலோ அரையிறுதியில் நின்றவர் இலங்கையின் அனுஷா கொடித்துவக்கு. ஐந்து நடுவர்களும் மேரிக்கே வெற்றி என்றார்கள். அனுஷா வெண்கலப் பதக்கத்தோடு நாடு திரும்பினார். குத்துச்சண்டையில் மூன்றாம் இடத்துக்கென்று பொதுவாகத் தனிப்போட்டி வைப்பதில்லை. அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம். அதாவது, வெண்கலம் தோற்றவருக்கே கிடைக்கும் பதக்கம். தோல்வி, அதுவரை ஏறி வந்த படிகளை அழிப்பதில்லை என்பதை அந்த விளையாட்டு ஒரு விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் வீடுகளில் அப்படியொரு விதி இருக்கிறதா?

அக்காமாரே, தங்கைமாரே, நான் சொல்ல வந்த விடயம் இனித்தான்.

குத்துச்சண்டை வளையத்துக்கு நான்கு மூலைகள். போட்டியாளருக்கு ஒரு மூலை உண்டு. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் கிடைப்பது ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் ஒருவர் முக்காலியை வைப்பார், ஒருவர் தண்ணீர் கொடுப்பார், இரத்தத்தைத் துடைப்பார். பயிற்றுநர் ஒரு விடயம், மிஞ்சினால் இரண்டு விடயம் சொல்வார். "வலது பக்கம் நகரு. கையை இறக்காதே." அவ்வளவுதான். பழைய குற்றங்களைச் சொல்ல அங்கே நேரம் இல்லை. வீணான புகழ்ச்சிக்கும் நேரம் இல்லை. இனித் தாங்கமாட்டாள் என்று கண்டால் போட்டியை நிறுத்தச் சொல்வதும் அந்த மூலையின் பொறுப்புத்தான். அதைக் கோழைத்தனம் என்று தெரிந்தவர் யாரும் சொல்லமாட்டார். சில பிள்ளைகளுக்கு அதே பரீட்சைக்குத் திரும்பப் போவதைவிட வேறு வழி நல்லது. அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

நாங்கள் இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் பரந்து இருக்கிறோம். கட்டடத்துக்குக் காசு சேர்க்கிறோம், நல்லது. வென்ற பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறோம், அதுவும் நல்லது. இவற்றோடு ஒரு சிறிய வேலையும் கேட்கிறேன். பெறுபேறு வரும் மாதத்தில், சித்தியடையாத பிள்ளைகளின் மூலையில் நிற்க ஒவ்வொரு வகுப்பாண்டிலிருந்தும் இரண்டு மூன்று பேர் முன்வாருங்கள். முதல் வாரம் கேள்வி கேட்காதீர்கள், நலம் மட்டும் விசாரியுங்கள். பிறகு அந்தப் பிள்ளையோடு சேர்ந்து வினாத்தாளைப் பாருங்கள். பிறகு, அந்தக் கிழமைக்குள் முடிக்கக்கூடிய ஒரு சிறிய வேலையைக் கொடுத்து, முடிந்ததா என்று மறக்காமல் கேளுங்கள். அந்தக் கேள்விதான் முக்காலி. உங்கள் பரீட்சையில், உங்கள் வேலையில், உங்கள் வாழ்க்கையில் நீங்கள் தோற்ற கதையையும் அவளுக்குச் சொல்லுங்கள். வென்ற கதைகளை அவள் பரிசளிப்பு விழாக்களில் கேட்டிருப்பாள்.

பின்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நம்பிக்கை வரட்டும், பிறகு தொடங்குகிறேன் என்று காத்திருக்க வேண்டாம். வேலைதான் முன்னே போகும். நம்பிக்கை அதன் பின்னால் மெல்ல நடந்து வரும்.

அன்று என்னிடம் தலையாட்டிய அந்தப் பிள்ளை இன்று எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்த மலர் எங்கெங்கோ போகும். ஒருவேளை அவள் கையிலும் கிடைக்கலாம். கிடைத்தால், மகளே, நான் அன்று வந்தது ஒரு நாளோடு நின்றுவிட்டது. அடுத்த நாளும் வந்திருக்க வேண்டும்.