தளம் பாவ ஆள் அமர்த்துதல்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்பது நம் பழமொழி. கட்டிய வீட்டைப் பழுதுபார்ப்பதும் எளிதன்று என்பதைத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நாம் நன்கறிவோம். சொந்த ஊரிலே நமக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவர் இருப்பார். அவர் வேலையில் குறை நேர்ந்தால் கடைத்தெருவில் கண்டும் கேட்கலாம். வெளி மாநிலத்திலோ வருபவர் யார், எவ்வூரார் என்பதை அறியோம்; அவர் மொழியும் நமக்கு முழுதாக வசப்படுவதில்லை. ஆதலால் சொல்ல வேண்டிய பலவற்றைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். சொல்லாமல் விட்டதே பின்னர் வழக்காக முளைக்கிறது. டைல்ஸ் என்று நாம் வழங்கும் தள ஓடுகளைப் பாவவும் பழுதுபார்க்கவும் ஆள் அமர்த்தும் முறையை இன்று சிறிது ஆராய்வோம்.

இத்தொழிலுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. தச்சர் செய்த கதவில் குறை இருந்தால் அன்றே கண்ணுக்குத் தெரியும். தளம் பாவும் வேலையிலோ முதன்மையான பகுதி யாவும் ஓட்டுக்கு அடியில் மறைந்துவிடுகின்றன. மேலே பளபளப்பு இருக்கும். கீழே நிகழ்ந்த பிழை ஓராண்டு கழிந்தே வெளிப்படும். ஆகவே ஆளைத் தேரும்போது, “மேலே எவ்வளவு அழகாகச் செய்வீர்கள்?” என்று கேட்பதினும், “அடியில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்பதே அறிவுடைமை.

அடியில் செய்ய வேண்டுவது யாது? ஓடுகளுள் பீங்கான் வகையான செராமிக் ஓடு நீரை ஓரளவு உறிஞ்சும். அதனை நீரில் ஊறவைத்துச் சிமெண்டுக் கலவையில் பதிப்பது பழைய வழக்கம். இன்று பெரிதும் விற்பனையாகும் விட்ரிஃபைடு ஓடோ தன் எடையில் நூற்றுக்கு அரைப்பங்குக்கு மேல் நீரை ஏற்பதில்லை. உறிஞ்சாத பொருளைச் சிமெண்டுப் பால் உறுதியாகப் பற்றாது. இதனை அறியாதவர் ஓட்டின் பின்புறம் நான்கைந்து இடங்களில் கலவையை உருண்டையாக வைத்து அழுத்திவிடுகின்றனர். உருண்டைகளுக்கு இடையே வெற்றிடம் தங்குகிறது. கனமான பொருள் ஒன்று அங்கே விழுந்தால் ஓடு பிளக்கிறது. இவ்வகை ஓட்டுக்கென உரிய ஒட்டுப்பசையைப் பல் வைத்த கரணையால் இடைவெளியின்றிப் பரப்பிப் பதித்தல் வேண்டும். அப்பசைக்கு ஐ.எஸ். 15477 என்னும் இந்தியத் தர அளவை உண்டு. வாங்கும்போது பையின் மேல் அவ்வெண் உளதா என்று நோக்குதல் நன்று.

அடுத்தது இடைவெளி. வெப்பத்தால் விரிவதும் குளிரால் சுருங்குவதும் பொருள்களின் இயல்பு. கோடையும் குளிரும் கடுமையாக மாறும் தில்லி போன்ற ஊர்களில் இதனை மறத்தல் ஆகாது. ஓட்டோடு ஓட்டை நெருக்கி, சுவர் ஓரத்திலும் இடம் விடாமல் பாவினால், ஒரு நாள் திடீரென்று ஓசையோடு ஓடுகள் கூடாரம்போல் எழும்பி நிற்கும். ஓடுகளுக்கிடையே இரண்டு மில்லிமீட்டரேனும், சுவரோரத்தில் அதனினும் சிறிது மிகுதியாகவும் இடம் விடுதல் வேண்டும். சுவரோரத்து இடைவெளியை ஸ்கர்ட்டிங் பட்டி மறைத்துவிடும். இடைவெளி பார்வைக்கு நன்றாயிராது என்று தடுப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரரே!

குளியலறை வேலை இவை யாவற்றினும் பொறுப்பு மிக்கது. மும்பையின் அடுக்கு வீடுகளில் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் முகம் பாராதிருப்பதற்குக் கூரைக் கசிவே பல இடங்களில் காரணம். நீரைத் தடுப்பது ஓடு அன்று. ஓட்டுக்கு அடியில் பூசும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சே. முதலில் குழாய் வேலை, பின்னர் அப்பூச்சு, அதன்பின் நீர் தேக்கிச் சோதனை, கடைசியில் ஓடு என்பதே முறை. பூச்சு உலர்ந்தபின் வடிகாலை அடைத்து, தரையில் நீரைத் தேக்கி, இரண்டு நாள் விட்டுக் கீழ்வீட்டுக் கூரையை நோக்க வேண்டும். இதற்கு நாள் இல்லை என்று சொல்பவரிடம் அவ்வேலையை ஒப்படைத்தல் தகாது. வடிகாலை நோக்கி மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வாட்டமும் தேவை. ஓடுகள் பதிந்தபின் ஒரு குவளை நீரை ஊற்றினால் அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பது விளங்கும்.

தக்க ஆளை எவ்வாறு கண்டறிவது? மும்பையில் நாக்காக்களிலும், தில்லியில் லேபர் சௌக் எனப்படும் சந்திகளிலும் காலையில் தொழிலாளர் கூடி நிற்பர். நல்ல கைத்திறனுடையோர் அவர்களுள்ளும் உளர். ஆயினும் நின்ற இடத்திலேயே கூலி பேசி அழைத்து வருதல், ஓர் ஓட்டை மாற்றுவதற்குப் போதுமேயன்றி ஒரு வீட்டுத் தளத்துக்குப் போதாது. அவர் ஓராண்டு, ஈராண்டுக்கு முன் முடித்த வேலை ஒன்றைக் காட்டச் சொல்லி, அவ்வீட்டாரின் இசைவோடு சென்று காண வேண்டும். நாணயம் ஒன்றால் ஓடுகளைத் தட்டினால், கெட்டியாகப் பதிந்தது ஒருவகை ஓசை தரும். அடியில் வெற்றிடமுள்ளது குடத்தைத் தட்டினாற்போல் ஒலிக்கும். ரசமட்டத்தையும் மூலைமட்டத்தையும் தாமே எடுத்து வருபவரா, கண்மதிப்பாகச் செய்பவரா என்பதையும் நோக்குக.

மொழிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. வாட்டத்தை இந்தியில் டால் என்பர். உள்ளே வெற்றிடமாயிருப்பதைக் கோக்லா என்பர். இடித்தெடுத்த குப்பையை மல்பா என்பர். ஒப்பந்தக்காரரை டேக்கேதார் என்பர். இந்நான்கு சொற்களைக் கொண்டே பாதி ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளலாம்.

கூலி பேசுகையில், சதுர அடிக்கு இவ்வளவு என்பதோடு நில்லாமல், அதனுள் எவை அடங்கும் என்று கேட்க வேண்டும். பழைய தளத்தைப் பெயர்ப்பது யார்? மல்பாவை அப்புறப்படுத்துவது யார்? சுவரோரப் பட்டிக்குத் தனிக் கணக்கா? பசையும் இணைப்புப் பூச்சும் யார் பொறுப்பு? குடியிருப்புச் சங்கத்தின் இசைவு தேவையாயின் அதனை முன்னரே பெற்றுவிட வேண்டும். அளவையும் நாமே கணக்கிடலாம். 12 அடிக்கு 10 அடி அறை 120 சதுர அடி. 600 மில்லிமீட்டர் சதுர ஓடு ஏறத்தாழ 3.87 சதுர அடி ஆதலால் 31 ஓடுகள் வேண்டும். வெட்டுச் சேதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 34. பெட்டிக்கு நான்காயின் 9 பெட்டிகள் போதும். பெட்டிகள் யாவும் ஒரே தொகுதி எண் உடையனவாக இருத்தல் நன்று. தொகுதி மாறினால் நிறமும் சிறிது மாறும். எஞ்சியவற்றை எறியாமல் பாதுகாத்தால் பிற்காலப் பழுதுக்கு அவையே உதவும்.

பேசியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நலம். பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுத்து, கடைசிப் பகுதியை ஓடுகளைத் தட்டிப் பார்த்தபின் கொடுப்பது இருதரப்புக்கும் ஏற்றது.

பழுதுபார்ப்பதில் ஓர் எச்சரிக்கை. ஓரிரு ஓடுகள் அசைந்தால் தளம் முழுவதையும் உடைக்க வேண்டா. முதலில் தட்டிப் பார்த்து, வெற்றிடமுள்ளவற்றைச் சுண்ணக்கட்டியால் குறித்தால், பழுது எவ்வளவு பரவியது என்பது தெரியும். கசிவு குழாயிலிருந்து வருமாயின் ஓடுகளின் இணைப்பை எத்துணை முறை பூசினும் பயனில்லை. குழாய் வேலை அறிந்தவரையே முதலில் அழைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஒருவர் ஏமாற்றினால் வழியில்லாமல் இல்லை. கட்டணம் பெற்று ஒப்பந்தமாக ஏற்ற பணியில் குறையிருப்பின், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அப்போது நமக்குத் துணையாவது கையெழுத்திட்ட அத்தாளே.

கடைசியாக ஒன்று. நம் மேஸ்திரியும் வடநாட்டாரின் மிஸ்திரியும் ஒரே சொல்லே. ஆசான் என்னும் பொருளுடைய போர்ச்சுகீசியச் சொல்லினின்று இரண்டும் வந்தன. நம் வீட்டுக்கு வரும் மிஸ்திரியும் பெரும்பாலும் பீகாரிலோ ராஜஸ்தானிலோ இல்லத்தாரை விட்டுப் பிழைப்புக்காக வந்தவரே. ஓட்டை உலரவைத்து வெட்டும்போது எழும் மணல்தூள் நுரையீரலை அரிக்கும். நீர்விட்டு வெட்டச் சொல்வதும், முகமூடி வாங்கித் தருவதும் நமக்குப் பெருஞ்செலவன்று. குறையைக் கண்டிப்புடன் கேட்போம். முடித்த வேலைக்குரிய கூலியை அன்றே கொடுப்போம். அயலூரில் வாழ்வதன் அருமை அறிந்த நாம், அயலூரிலிருந்து வந்தவரை நடத்தும் முறையும் அறிந்தவர்களாக இருத்தல் வேண்டும்.