சொல்லச் சொல்ல வரைவோம்

(மாவட்ட அளவிலான கருத்தாளர் பயிற்சியில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வயிறு நிறைந்த பிறகு, மின்விசிறிக்குக் கீழே, விளக்கை அணைத்துவிட்டுப் பவர்பாயிண்ட் காட்டினால் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் இன்று புரொஜெக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுவரில் ஒட்டியிருக்கும் இந்தப் பிரவுன் தாளும் மூன்று மார்க்கர்களும் போதும்.

நான் ஓவிய ஆசிரியர் இல்லை. நான் வரையும் மாடும் நாயும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனாலும் கூட்டங்களில் பேசும்போது வரைந்துகொண்டே பேசுகிறேன். ஏன் என்பதைச் சொல்வதைவிட வரைந்தே காட்டிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பு ஒலியியல் பாடத்தில் வரும் டாப்ளர் விளைவை எடுத்துக்கொள்வோம். இதோ, 108 ஆம்புலன்ஸ் இந்தப் புள்ளியில் ஒலி எழுப்புகிறது. ஒலி எல்லாப் பக்கமும் பரவுகிறது. ஒரு பெரிய வட்டம். இப்போது வண்டி வலப்பக்கம் சற்று நகர்ந்துவிட்டது. அங்கிருந்து கிளம்பிய ஒலி இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. அதனால் சிறிய வட்டம். அதன் மையமும் வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. மூன்றாவது வட்டம் எங்கே வரும்? காற்றில் விரலால் போட்டுக் காட்டுங்கள்.

பாருங்கள், கடைசி வரிசை வரை எல்லா விரல்களும் மேலே இருக்கின்றன. இதோ மூன்றாவது வட்டம். வண்டிக்கு முன்னே கோடுகள் நெருங்கிவிட்டன, பின்னே விலகிவிட்டன. வண்டி நம்மை நோக்கி வரும்போது ஒலியின் சுருதி உயர்ந்தும், கடந்து போனபின் தாழ்ந்தும் கேட்பது இதனால்தான்.

இதே படம் பாடநூலில் இருக்கும், ஸ்லைடிலும் போடலாம். ஆனால் முடிந்த படம் வட்டம், அம்பு, பெயர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நம் முன் கொட்டுகிறது. எங்கிருந்து பார்ப்பது என்று கண் தடுமாறுகிறது. வரையும் கையோ ஒரு கோட்டைத்தான் தருகிறது. அடுத்த கோடு எங்கே என்று மனம் தானாகவே தேடுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. கை வாயைவிட மெதுவானது. வரைந்துகொண்டே பேசுபவரால் கேட்பவரை விட்டுவிட்டு ஓட முடியாது.

லோகன் ஃபியொரெல்லா, ரிச்சர்ட் மேயர் என்னும் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் இதே டாப்ளர் விளைவைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு குழுவினர் ஆசிரியர் வரைந்துகொண்டே விளக்குவதைப் பார்த்தார்கள். மற்றக் குழுவினர் முன்பே வரைந்து வைத்த படத்தைக் காட்டி விளக்குவதைப் பார்த்தார்கள். அவர்களின் முதல் சோதனையில், வரைவதைப் பார்த்தவர்கள் கற்றதைப் புதிய சூழலில் பயன்படுத்தும் கேள்விகளுக்கு நன்றாக விடையளித்தார்கள். அந்தப் பாடத்தில் முன்னறிவு குறைந்தவர்களிடம்தான் இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. நாம் யாருக்காகக் கவலைப்படுகிறோமோ அவர்களுக்கே இது அதிகம் உதவுகிறது.

உத்தி பழையதுதான். 1906-இல் அமெரிக்காவில் வின்சர் மெக்கே என்ற ஓவியர் மேடையில் கரும்பலகை முன் நின்று, ஓர் ஆணும் பெண்ணும் குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை மாறுவதைச் சாக்கட்டியால் வரைந்து காட்டினார். 2010-இல் கல்வி பற்றிய கென் ராபின்சனின் உரை, வெள்ளைப் பலகையில் கை வரைந்துகொண்டே போகும் காணொலியாக வந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இனி, நான் செய்த ஒரு தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில், மற்றவர்கள் பேசப் பேச அதைப் படமாக வரையும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் தன் மாணவியைப் பற்றிப் பேசினார். கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்வதால் அவள் தினமும் தாமதமாக வருகிறாள் என்றார். நான் உடனே, இடுப்பில் குழந்தையோடு அழுதுகொண்டு நிற்கும் ஒரு சிறுமியை வரைந்தேன். அரங்கமே கைதட்டியது.

தேநீர் இடைவேளையில் அந்த ஆசிரியை வந்தார். "சார், அவ அழவே மாட்டா. தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டே வாய்ப்பாடு சொல்லுவா. அதத்தான் நான் சொல்ல வந்தேன். நீங்க பாவப்பட்ட பிள்ளையா ஆக்கிட்டீங்க" என்றார்.

அவர் சொன்ன முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, மீதியை நானே எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் வேறு தாள் ஒட்டி, அவரைக் கேட்டுக் கேட்டு மீண்டும் வரைந்தேன். ஆனால் அதற்குள் முதல் படம் பல வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டது. பேச்சு காற்றோடு போய்விடும், படம் தங்கிவிடும். தவறான படமும் அப்படியே தங்கும்.

அதற்குப் பிறகு சில பழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். பேசுபவர் ஒரு கருத்தை முடிக்கும் வரை மார்க்கரின் மூடியைத் திறப்பதில்லை. முகங்களுக்குக் கண்ணும் வாயும் கடைசியில்தான். அவள் சிரித்தாளா, அழுதாளா என்று கேட்ட பிறகுதான். அமர்வின் கடைசிப் பத்து நிமிடம் திருத்தத்துக்கு. பேசியவரே வந்து, "இது நான் சொன்னதில்லை" என்று எல்லோர் முன்னும் அடித்து எழுதலாம். அடித்ததை மறைக்க மாட்டேன். ஆசிரியரும் திருத்திக்கொள்வார் என்பது தெரிவது நல்லதுதான்.

மற்றவை எளியவை. எழுத்து மூன்று விரற்கடை உயரம் இருக்கட்டும். எழுத்துக்குக் கறுப்பு, அழுத்தம் தர ஒரே ஒரு நிறம் போதும். பலகையை மறைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். பலகையிடம் பேசாதீர்கள், கோட்டைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பேசுங்கள். சிக்கலான படமென்றால் முதல் நாளே பென்சிலால் மெலிதாகப் போட்டு வையுங்கள். அது ஏமாற்று அல்ல, பாடக்குறிப்பு.

செயல்வழிக் கற்றல் வந்தபோது வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தைகளுக்கென்றே கரும்பலகை அமைத்தோம். அவர்கள் கையிலும் சாக்கட்டி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது. கருத்தரங்குக்கும் அதே நியாயம்தான்.

இந்தத் தாளில் இடப்பக்கம் பாதியைக் காலியாக விட்டிருக்கிறேன். மார்க்கர்கள் இங்கே இருக்கின்றன. நான் சொன்னதில் தவறாக வரைந்தது எது, விட்டுப்போனது எது என்று நீங்கள் வந்து வரையுங்கள். நான் உட்கார்ந்து பார்க்கிறேன்.