ஆவியின் வரங்களை மதிப்போம், நாடுவோம்

(கண்டரமாணிக்கம் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரம் என்றதும், நெடுந்தவம் புரிந்து ஒருவன் தனக்கெனக் கேட்டுப் பெறுவதே நம் நினைவுக்கு வருகிறது. திருமறை கூறும் வரம் வேறு. அது விலையின்றி அளிக்கப்படுவது. சபை முழுவதன் நன்மைக்காக அளிக்கப்படுவது. ஏறத்தாழ கி.பி. 55 இல் பவுலடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12, 13, 14 ஆம் அதிகாரங்கள் இதனை விளக்குகின்றன. அச்சபையில் அந்நியபாஷை பேசியோர் தம்மை உயர்ந்தோராகக் கருதினர். ஏனையோர் தமக்கு ஒன்றுமில்லையெனக் குன்றினர். இருசாராருக்கும் அடிகளார் காட்டிய உவமை மனித உடல். அதில் வேண்டாத உறுப்பென்று ஒன்றுமில்லை. போதித்தல், குணமாக்குதல், துணைசெய்தல், சபையை நடத்துதல் யாவும் ஒரே ஆவியின் கொடைகளே.

ஆவியானவர் பிறப்பைப் பார்த்து வரமளிப்பதில்லை. ஆயினும் தமிழகச் சபைகள் பலவற்றில் சாதி இருக்கையையும் கல்லறையையும் பிரித்தது. அதனால் இழந்தோர் நாம் மட்டும் அல்லோம். வரம் பெற்றவனை வாசலில் நிறுத்திய சபை, அவ்வரத்தையும் வாசலிலேயே நிறுத்தியது.

தென்திருவிதாங்கூரின் மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் குலத்து மகாராசன், சிதம்பரத்துக்கு மேற்கொண்ட திருப்பயணத்தில் தஞ்சையை அடைந்து, நற்செய்தி கேட்டு, வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைப்பின் பயனாக லண்டன் மிஷன் போதகர் ரிங்கல்தௌபே 1806 இல் மயிலாடிக்கு வந்தார். 1809 இல் அங்கு ஆலயம் எழுந்தது. 1816 இல் திருவிதாங்கூரை விட்டுச் சென்றபோது, சபைகளின் பொறுப்பை அவர் ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடமே. 1818 இல் மீட் ஐயர் வரும்வரை அவரே அவற்றைக் காத்தார். ஆளுகை வரம் யாரிடம் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் காலத்துக்கு அண்மையில், மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு ஐயர் (1940–2005), இகழப்பட்ட பறையை இறைவழிபாட்டில் ஒலிக்கச் செய்தார். 'பரட்டை அண்ணன்' என்று அன்புடன் அழைக்கப்பட்டவர் அவர். ஊராரின் சாவுக்குக் கட்டாயமாக அடிக்கவேண்டிய பறையை நம்மவர் மறுத்தது நியாயமே. கட்டாயத்தால் வருவது ஊழியம் அன்று, அடிமைத்தனம். அதே பறையை விருப்பத்தோடு ஆண்டவர் முன் எடுப்பது வரத்தின் பயன்.

இளைஞர்களே, வரத்தை நாடுதல் என்பது மேடையை நாடுதல் அன்று. முதலில் ஜெபத்தில் கேளுங்கள். பின்பு பயிலுங்கள்; பயிலாத போதகனின் வரம் தூசிபடிந்த விளக்கு. மூன்றாவதாக, அதனைச் சபையின் சோதனைக்கு உட்படுத்துங்கள். இரவில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பவரும், சங்கத்தின் கணக்கை ஒரு காசும் பிசகாது எழுதுபவரும், நோயாளியின் அருகில் விழித்திருக்கும் தாயும் வரம் பெற்றோரே.

பெரியோராகிய நம்மிடமும் ஒரு குறையுண்டு. நம்மை ஒதுக்கியோரைக் கண்டிக்கும் நாமே, நம் வீட்டுப் பெண்களையும் இளைஞரையும் பார்த்து, "உனக்கென்ன தெரியும்?" என்று வாயடைக்கிறோம். இவ்வெள்ளி விழா நாளில் அச்சொல்லைக் கைவிடுவோமாக.

வரங்களைப் பற்றிய இரண்டு அதிகாரங்களுக்கு நடுவே அன்பின் அதிகாரத்தை அடிகளார் வைத்தார். அந்நடுவிடத்தில் நிற்போம், அங்கிருந்தே வரங்களை நாடுவோம்.