ரெக்கார்டில் இல்லாத இடம்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் நினைவாகப் பேச வேண்டும் என்றதும் நான் பௌத்தம் பற்றியோ, 1907-இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ரோட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். அரசு ஒரு ரோடு போடும்போது, சுரங்கம் தோண்டும்போது, அந்த மண்ணில் யாருடைய வரலாறு கிடக்கிறது என்று யார் பார்க்கிறார்கள், எந்தக் காகிதத்தை வைத்துப் பார்க்கிறார்கள் என்பதுதான் பேச்சு. இதில் பண்டிதருக்கும் இடம் உண்டு. அரசாங்கப் பதிவேட்டில் நம் மக்கள் என்ன பெயரில் எழுதப்படுகிறார்கள் என்பதைக் கடைசிவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

எங்கள் ஊர்க் கதையிலிருந்து தொடங்குகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இப்போதைய நான்குவழிச் சாலையும் இல்லை; அதற்கு ரொம்ப முந்தி, சின்ன ரோடு. நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த சமயம். லீவுக்கு வந்தபோது, கண்மாய்க்கரைக்குக் கீழே எங்கள் சேரி இடுகாட்டுக்குள் சுண்ணாம்புக்கோடு போட்டிருந்தார்கள். என் அப்பத்தாவைப் புதைத்த இடம் கோட்டுக்கு உள்ளே. அப்பாவும் நானும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனோம். அ-பதிவேட்டை விரித்துக் காட்டினார். ஊர்க்காரர்கள் சுடுகாட்டுக்கு நேரே ‘மயானம்’ என்று இருந்தது. எங்கள் இடத்துக்கு நேரே ‘தீர்வை ஏற்படாத தரிசு’. அப்பா, “எங்க ஆத்தா அங்கதான்யா கெடக்கா” என்றார். “நீங்க சொல்றது சரிதான், ரெக்கார்டுல இல்லையே” என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். மனு கொடுத்தோம். பதில் வரவில்லை. அடுத்த பொங்கலுக்குள் தார் விழுந்துவிட்டது. பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது அப்பா இன்றைக்கும் செருப்பிலிருந்து காலை எடுத்துக்கொள்வார்.

இங்கே ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்களுக்கு ஆண்டாள் கோயில் கோபுரம் தூரத்திலேயே தெரியும். பதினோரு நிலை, 192 அடி. அந்தக் கோயிலில் திருப்பணி என்றால் அறநிலையத் துறையின் வல்லுநர் குழுக்கள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதே ஊரில் திருமலை நாயக்கர் அரண்மனை மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இருக்கட்டும். கோபுரத்தில் ஒரு செங்கல் பெயர்ந்தாலும் எனக்கும் வருத்தம்தான். அதைக் கட்டிய கைகளில் யாருடைய கைகள் இருந்தன என்று நமக்குத் தெரியாதா? என் கேள்வி, அந்தப் பாதுகாப்பு எந்த வாசலில் தொடங்குகிறது என்பதுதான்.

அது பட்டியலில் தொடங்குகிறது. 1958-ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டம் நூறு ஆண்டுக்குக் குறையாத வயதுள்ளதைத்தான் பழஞ்சின்னம் என்கிறது. அப்படி அறிவிக்கப்பட்டவை நாடு முழுவதும் 3,600-க்கும் மேல். 2010-இல் திருத்தம் வந்தபிறகு, சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடை, அதற்கும் அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. அந்த எல்லையில் பெரிய அரசுத் திட்டம் வந்தால் பாதிப்பை ஆராய்ந்து பரிந்துரைக்க தேசிய நினைவுச்சின்ன ஆணையம் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டியலில் பெயர் இல்லாத இடத்துக்கு 100 மீட்டரும் கிடையாது, ஒரு மீட்டரும் கிடையாது.

சுற்றுச்சூழல் அனுமதியும் இதே கதை. 2006 அறிவிக்கையின் விண்ணப்பப் படிவத்தில், 15 கிலோமீட்டருக்குள் பண்பாட்டு மதிப்புக்காகச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இடம் உண்டா என்று கேள்வி இருக்கிறது. ‘சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட’ என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். வழிபாட்டு இடங்களைப் பற்றித் தனியாக ஒரு வரி உண்டு. அதை நிரப்புகிறவர் திட்டத்தைக் கொண்டுவருகிறவர். வேப்பமரத்தடியில் நட்டுவைத்த நம் கல் அவர் கண்ணுக்கு வழிபாட்டு இடமாகத் தெரிய வேண்டுமே! இருக்கிற ரோட்டை அகலப்படுத்தும் நெடுஞ்சாலைத் திட்டம் 100 கிலோமீட்டருக்கு மேல் நீண்டால்தான் இந்த ஆய்வுக்கே வரும். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை எவ்வளவு? எழுபது கிலோமீட்டர் சுமார். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இடுகாட்டைப் பெயர் சொல்லிக் கேட்கிற சட்டம் ஒன்று இருக்கிறது. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம். சமூகத் தாக்க மதிப்பீட்டில் எவற்றையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதன் 4-ஆம் பிரிவு ஒரு நீண்ட வரிசை சொல்கிறது: குடிநீர், மேய்ச்சல் நிலம், ரேஷன் கடை, அங்கன்வாடி, வழிபாட்டு இடம், இடுகாடு, சுடுகாடு. முதன்முறை படித்தபோது அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பிறகு நான்காம் அட்டவணைக்கு வந்தேன். இந்த மதிப்பீடு பொருந்தாத 13 மத்தியச் சட்டங்கள் அதில் இருக்கின்றன. 1956 தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் அவற்றில் ஒன்று. தொல்லியல் சட்டமும் ஒன்று! தமிழ்நாடு தன் பங்குக்கு 105-அ பிரிவைச் சேர்த்து மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கியது. மாநில நெடுஞ்சாலை, தொழில் திட்டங்கள், மூன்றாவதாக 1978-ஆம் ஆண்டின் ஆதிதிராவிடர் நலத்திட்ட நிலச் சட்டம். நம் பெயரில் உள்ள சட்டத்துக்கும் சேர்த்துத்தான் விலக்கு. 2019-இல் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது; அரசு புதுச் சட்டம் போட்டு மீட்டது; 2021-இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. நடுவில் இரண்டு கட்சிகளும் கோட்டையில் இருந்தன என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நெடுஞ்சாலைச் சட்டத்தில் மிஞ்சியது ஆட்சேபனை சொல்ல 21 நாள். அதுவும் நிலத்தில் ‘உரிமைத் தொடர்புள்ளவர்’ சொல்ல வேண்டும். தரிசில் புதைந்து கிடக்கிற அப்பத்தாவுக்குப் பட்டா ஏது?

மேலூர்ப் பக்கம் வாருங்கள். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. 2015.51 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டி: தமிழ் பிராமிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் குடைவரை. முதலில் ஏலம், அப்புறம்தான் ஆய்வு, இதுதான் வரிசை. மக்கள் கொதித்ததும் டிசம்பரில் மத்திய அரசு என்ன சொன்னது? பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பகுதியை விலக்கி எல்லையை மறுபடி வரையலாமா என்று பார்க்கச் சொன்னது. பட்டியலில் உள்ளதை மட்டும் வெட்டியெடுத்துக் கையில் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தோண்டும் யோசனை. மக்கள் ஒப்பவில்லை. மதுரைக்குத் திரண்டு நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலமே ரத்தானது. படுக்கைகளை மட்டும் காப்பாற்றப் போனவர்கள் இல்லை அவர்கள். ஊரையும் கண்மாயையும் சேர்த்துத்தான் கேட்டார்கள்.

அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவு. ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு அங்கே நினைவிடம் உண்டு; ஆண்டுதோறும் நாம் போகிறோம். மத்தியச் சட்டத்தின் நூறாண்டுக் கணக்குப்படி அது வரலாற்றுச் சின்னமாகும் தகுதி பெற 2097 தாண்ட வேண்டும். வெண்மணிக்கு 2068 ஆக வேண்டும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததா? அமெரிக்காவில் அரசுத் திட்டம் ஒவ்வொன்றும் வரலாற்று இடங்களை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராயச் சொல்லும் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. 1991-இல் நியூயார்க்கில் 34 மாடி அரசு அலுவலகம் கட்டத் தோண்டினார்கள். 18-ஆம் நூற்றாண்டு வரைபடத்தில் அங்கே கறுப்பின மக்களின் இடுகாடு குறிக்கப்பட்டிருந்தது. ஆய்வு செய்தவர்கள் அதைப் பார்த்தும் இருந்தார்கள். பின்னாளைய கட்டடங்கள் போட்டபோதே எல்லாம் அழிந்திருக்கும் என்று எழுதிவிட்டார்கள். தோண்டத் தோண்ட எலும்புகள், 400-க்கும் மேற்பட்ட மனிதர்கள். கறுப்பின மக்கள் தெருவுக்கு வந்து 1992-இல் தோண்டலை நிறுத்தினார்கள். 2003-இல் அத்தனை பேரையும் மரியாதையோடு திரும்பப் புதைத்தார்கள். 2006-இல் அது தேசிய நினைவிடம். சட்டம் இருந்தது, வரைபடமும் இருந்தது. அதைப் பார்க்க வைத்தது தெருவில் நின்ற கூட்டம். நம்மிடம் அந்த வரைபடமே இல்லை.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டங்களில் ஒவ்வொரு சேரிக்கும் போக வேண்டும். இடுகாடு, சாமிக்கல், பழைய கிணறு, நம்மை எடுக்கவிடாத ஊருணி, சண்டை நடந்த முக்கு என்று ஒன்றையும் விடக்கூடாது. முதலில் வயதானவர்களிடம் கேளுங்கள், அப்புறம் சர்வே எண். அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்குங்கள். இரண்டும் பொருந்தாத இடங்களை வகை மாற்றக் கேட்டுக் கலெக்டருக்கு மனு போடுவோம். திட்ட அறிவிப்பு வந்தபிறகு ஓடினால் 21 நாள் காணாது; எங்களுக்குக் காணவில்லை.

பின்வரிசையில் நாலு கோடுபோட்ட நோட்டு வைத்திருக்கிறோம். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் எங்கள் ஊர் சர்வே எண்ணை நானே எழுதிவிட்டேன், அது இப்போது ரோடு என்றாலும். போகும்போது உங்கள் ஊர்ப் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.