ஆட்டக்காரரின் ஓய்வு: செலவு யாருடையது?

பம்பாய்த் துணி ஆலைத் தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு 1890 ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. நாராயண் மேகாஜி லோகாண்டே 1884 இல் தொடங்கிய இயக்கம் ஆறாண்டுகள் நீடித்த பின்னரே ஆலை முதலாளிகள் அதற்கு இணங்கினர். அடுத்த ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதனை உறுதி செய்தது. அந்தப் போராட்டத்தில் கேள்வி தெளிவாக இருந்தது. தொழிலாளிக்கு முதலாளி ஒருவர். ஓய்வு நாளின் செலவு அவர் தலையில் விழும் என்பதால் அவர் மறுத்தார். அதே நகரில் இன்று மற்றொரு வகை உழைப்பாளரின் ஓய்வு விவாதத்துக்கு உள்ளாகியிருக்கிறது. அவர் தொழில்முறைக் கிரிக்கெட் ஆட்டக்காரர். ஊதியத்தில் ஆலைத் தொழிலாளிக்கும் அவருக்கும் ஒப்புமை கிடையாது. ஆனால் அவருடைய உடலைப் பயன்படுத்துவோர் இருவர். சிக்கல் இங்குதான் பிறக்கிறது.

ஏப்ரல், மே மாதங்களில் அவர் ஐ.பி.எல். அணி ஒன்றின் ஊழியர். ஜூன் மாதம் பிறந்ததும் அவர் நாட்டின் ஆட்டக்காரர். முதல் இரண்டு மாதங்களில் அவரை ஒரு போட்டியில் அமரவைத்தால் இழப்பு அணி உரிமையாளருக்கு. அதனால் விளையும் நன்மையோ பின்னர் விளையாடும் தேசிய அணிக்கு. செலவு ஓரிடத்திலும் பயன் வேறோரிடத்திலும் சேரும்போது அந்தச் செலவைச் செய்ய எவரும் முன்வருவதில்லை என்பது பொருளியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் பாடம். ஊர்ப் பொது ஏரியைத் தூர்வார ஒருவரும் முன்வராத கதையும் இதுவே.

2018 ஆம் ஆண்டின் இறுதியில், அடுத்த ஆண்டு உலகக் கோப்பையை முன்னிட்டு முன்னணி வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஐ.பி.எல். பருவத்தில் ஓய்வளிக்க வேண்டும் என்ற யோசனையை அணித் தலைவர் விராட் கோலி முன்வைத்ததாகச் செய்திகள் வெளியாயின. அது நடைமுறைக்கு வரவில்லை. ஜஸ்பிரித் பும்ரா 2019 ஆம் ஆண்டுப் பருவத்தில் மும்பை அணிக்காகப் பதினாறு ஆட்டங்களிலும் பந்து வீசினார். மும்பை கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. உலகக் கோப்பையில் 18 விக்கெட்டுகளை வீழ்த்தினார். செப்டம்பரில் அவருடைய கீழ்முதுகு எலும்பில் விரிசல் கண்டது. இவை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன என்பதாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் என்று தீர்ப்புக் கூறுவது முறையாகாது. எனினும், உடல் காட்டிய கணக்கு இது.

இந்தக் கணக்கின் இயல்பைச் சற்று விளக்குதல் வேண்டும். வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றும் கணத்தில் அவருடைய உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலின் வழியாக இடுப்புக்கும் முதுகுக்கும் ஏறுகிறது. எலும்பு இதைத் தாங்கும். சிறிது சேதமுற்றாலும் தன்னைத்தானே சரிசெய்து கொள்ளும். அதற்கு நாட்கள் தேவை. சேதம் ஏற்படும் வேகம் சீரமைப்பின் வேகத்தை மிஞ்சும்போது விரிசல் விழுகிறது. ஆகவே ஓய்வு என்பது சோம்பல் அன்று. இயந்திரத்துக்குத் தேய்மான ஒதுக்கீடும் பராமரிப்பு நாட்களும் எப்படியோ அப்படி. இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. முழு ஓய்வும் ஆபத்தானதே. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் வீசுவது நான்கு ஓவர்கள், அதாவது இருபத்து நான்கு பந்துகள். டெஸ்ட் ஆட்டத்தில் ஒரே நாளில் இருபது ஓவர்கள் வீச நேரலாம். இரண்டு மாதம் நான்கு ஓவர்களுக்குப் பழகிய உடலை ஓரிரு வாரத்தில் இருபது ஓவர்களுக்குத் தள்ளினாலும் அது முறியும். பெங்களூரிலுள்ள கிரிக்கெட் வாரியத்தின் பயிற்சி மையத்தில் வீச்சாளர் ஒவ்வொரு வாரமும் வீசும் பந்துகளை எண்ணிப் படிப்படியாக ஏற்றுவதும் இறக்குவதும் இதனாலேயே. பயிற்சி வலையில் வீசும் பந்துகளும் இந்தக் கணக்கில் சேரும். பார்வையாளருக்கு அவை தென்படுவதில்லை.

2024 ஆம் ஆண்டு இறுதியில் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததைப் பார்க்கலாம். மெல்போர்ன் டெஸ்டில் மட்டும் பும்ரா ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவர்கள் வீசினார். அது டிசம்பர் 30 இல் முடிந்தது. சிட்னி டெஸ்ட் ஜனவரி 3 இல் தொடங்கியது. இடையில் மூன்றே நாட்கள். சிட்னியில் இரண்டாம் நாள் அவர் மைதானத்தை விட்டு மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றார். இந்தியாவின் கடைசிப் பந்துவீச்சு இன்னிங்சில் அவர் பந்து வீசவில்லை. தொடரில் 151.2 ஓவர்களில் 32 விக்கெட்டுகள் எடுத்திருந்த வீச்சாளர் இல்லாமலேயே இந்தியா தோற்றது. பிப்ரவரியில் தொடங்கிய சாம்பியன்ஸ் கோப்பையிலும் அவர் இல்லை. ஐ.பி.எல். பருவத்தின் தொடக்க ஆட்டங்களையும் தவறவிட்டு ஏப்ரல் 7 அன்று வான்கடே மைதானத்தில் மீண்டும் களமிறங்கினார். 18 கோடி ரூபாய் ஊதியத்தில் அவரைத் தக்கவைத்துக் கொண்ட மும்பை அணி, தேசிய அணியில் விளைந்த காயத்தின் இழப்பை இம்முறை தான் ஏற்றது. இதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். பாரம் எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்வதில்லை.

இரு பயன்பாட்டுக்கும் இடையில் ஒரு வேலி வேண்டும் என்பதை லோதா குழு 2016 ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. ஐ.பி.எல். பருவத்துக்கும் பன்னாட்டு ஆட்டங்களுக்கும் நடுவில் பதினைந்து நாட்கள் இடைவெளி இருத்தல் வேண்டும் என்பது அதன் பரிந்துரை. 2019 உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் ஆட்டம் ஜூன் 5 ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது இதன் பொருட்டே. ஆனால் இந்த வேலி நிலையாக நிற்கவில்லை. 2021 இல் பெருந்தொற்றினால் பிளவுபட்ட பருவம் துபாயில் அக்டோபர் 15 அன்று முடிந்தது. இருபது ஓவர் உலகக் கோப்பை அக்டோபர் 17 அன்று தொடங்கிவிட்டது. பாகிஸ்தானிடம் பத்து விக்கெட்டுகளிலும் நியூசிலாந்திடம் எட்டு விக்கெட்டுகளிலும் இந்தியா தோற்றது. ஆறு மாதங்களாக வீடு திரும்பாத ஆட்டக்காரர்களுக்குச் சில வேளை இடைவேளை தேவைப்படுகிறது என்று பும்ரா செய்தியாளரிடம் வெளிப்படையாகவே சொன்னார். 2023 இல் இறுதி ஆட்டம் மழையினால் மே 29 இரவைத் தாண்டி முடிந்தது. டெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி ஜூன் 7 அன்று இலண்டனில் தொடங்கியது. 2025 இல் மே 25 அன்று முடிய வேண்டிய பருவம் எல்லைப் பதற்றத்தினால் இடையில் நிறுத்தப்பட்டு ஜூன் 3 வரை நீண்டது. லீட்ஸ் டெஸ்டுக்கு இருபத்தாறு நாட்களாக இருந்த இடைவெளி பதினேழாகச் சுருங்கியது.

அந்த இங்கிலாந்துத் தொடரில் வாரியம் முன்கூட்டியே ஒரு முடிவை அறிவித்தது: பும்ரா ஐந்தில் மூன்று டெஸ்டுகளில் மட்டுமே விளையாடுவார். லீட்ஸ், லார்ட்ஸ், மான்செஸ்டர் ஆகிய இடங்களில் விளையாடினார். அவர் ஆடாத பர்மிங்காம், ஓவல் டெஸ்டுகளில்தான் இந்தியா வென்றது. தொடர் இரண்டுக்கு இரண்டு என முடிந்தது. ஐந்து டெஸ்டுகளிலும் ஆடிய முகமது சிராஜ் 185.3 ஓவர்கள் வீசி 23 விக்கெட்டுகள் எடுத்தார். ஓய்வெடுக்காதவரே வெற்றி தேடித் தந்தார் என்று மக்கள் பேசியதில் வியப்பில்லை. ஆயினும் ஒரு தொடரின் முடிவைக் கொண்டு பராமரிப்புக் கொள்கையை அளப்பது, ஒரு நல்ல மழையாண்டைக் கொண்டு பாசனத் திட்டத்தை வேண்டாம் என்று ஒதுக்குவதைப் போன்றது.

துடுப்பாட்டக்காரரும் இதற்கு விலக்கல்லர். செம்பூருக்கு அருகே அணுசக்தி நகரில் வளர்ந்த சூர்யகுமார் யாதவ் 2025 பருவத்தில் பதினாறு ஆட்டங்களில் 717 ஓட்டங்கள் குவித்தார். பருவம் முடிந்த அதே ஜூன் மாதத்தில் ஜெர்மனியில் அடிவயிற்றுக் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 2024 ஜனவரியிலும் அதே நோய்க்கு அங்கு சிகிச்சை பெற்றவர் அவர்.

மற்ற நாடுகள் இதை எவ்வாறு கையாளுகின்றன என்பதற்கு ரக்பி விளையாட்டே தக்க எடுத்துக்காட்டு. உடலோடு உடல் மோதும் அந்த ஆட்டத்தில் ஓய்வு உயிர்ப் பிரச்சினை. அயர்லாந்தில் முன்னணி ஆட்டக்காரர் சிலருக்கு ஊதியம் தருவது தேசிய ரக்பிச் சங்கமே. அவர்கள் ஆடும் நான்கு மாகாண அணிகளும் அச்சங்கத்தின் ஆளுகையிலேயே உள்ளன. ஆகவே ஓர் ஆட்டக்காரர் எந்த வாரம் ஆடுவது, எந்த வாரம் அமர்வது என்பதைத் தீர்மானிப்பவரும் அதன் செலவை ஏற்பவரும் ஒருவரே. இங்கிலாந்தில் கழகங்கள் தனியாருடையவை. அங்கு தேசியச் சங்கம் கழகங்களோடு நீண்ட பேரம் பேசி, பணம் கொடுத்து, ஆட்ட எண்ணிக்கைக்கு வரம்பும் கட்டாய ஓய்வும் பெற வேண்டியிருந்தது. 2021 இல் உலக ரக்பி அமைப்பு, பயிற்சியில் முழு மோதல் வாரத்துக்குப் பதினைந்து நிமிடங்களைத் தாண்டலாகாது என வழிகாட்டியது. 2023 உலகக் கோப்பையில் ஒவ்வோர் அணிக்கும் ஆட்டங்களுக்கிடையே குறைந்தது ஐந்து நாள் ஓய்வு கிடைக்கும்படி போட்டிக் காலத்தையே ஒரு வாரம் நீட்டினர்.

இந்திய ஏற்பாடு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஐ.பி.எல். போட்டியை நடத்துவதும் தேசிய அணியைத் தேர்வதும் ஒரே வாரியம். 2023 ஜனவரி முதல் நாள் மும்பையில் கூடிய வாரியத்தின் ஆய்வுக் கூட்டம், உலகக் கோப்பைக்குரிய ஆட்டக்காரர்களை ஐ.பி.எல். பருவத்தில் கண்காணிக்கத் தேசிய அகாதெமி அணிகளோடு இணைந்து பணியாற்றும் என்று முடிவு செய்தது. கண்காணிப்பு நல்லதே. ஆனால் கூலி முறை எதிர்த்திசையில் இழுக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட ஊக்கத் திட்டத்தின்படி, ஒரு பருவத்தின் டெஸ்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் ஆடுவோர்க்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கூடுதலாக 45 லட்சம் ரூபாய். பாதிக்கும் குறைவாக ஆடுவோர்க்கு ஒன்றுமில்லை. 2025 பருவம் முதல் ஐ.பி.எல். ஆட்டமொன்றுக்கு ஏழரை லட்சம் ரூபாய் கட்டணம் தனியே உண்டு. இரண்டும் நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டவை; டெஸ்ட் ஆட்டத்தின் மதிப்பைக் காக்க முன்னது அவசியமும் கூட. ஆயினும் முதுகு வலியை மருத்துவரிடம் சொல்வதா, மறைப்பதா என்று தயங்கும் இளம் வீச்சாளரின் மனத்தில் இந்தத் தொகைகள் எடை போடாமலிரா. மருத்துவக் குழு எழுத்து மூலம் விதிக்கும் ஓய்வை ஆடிய ஆட்டமாகவே கணக்கிட்டால் ஊக்கத் திட்டத்தின் பயனும் கெடாது. மறைப்பதற்கான தூண்டுதலும் குறையும். அணி உரிமையாளருக்கும் அப்படியே: தேசத்தின் பொருட்டு அமரவைக்கப்படும் ஆட்டத்துக்கு உரிய ஊதியப் பங்கை வாரியம் ஈடு செய்தல் பொருந்தும்.

உச்சியிலுள்ள இருபது முப்பது பேருக்கு இவ்வளவு. மாட்டுங்காவின் தட்கர் மைதானத்தில் மழைக்காலத்துக் காங்கா லீக் ஆட்டங்களில் பந்து வீசிப் பெயர் எடுக்க முயலும் இளைஞரின் பந்துகளை எவரும் எண்ணுவதில்லை. ஒரு காலத்தில் மும்பையின் வங்கிகளும் ஆலைகளும் கிரிக்கெட் வீரருக்கு வேலை கொடுத்தன. ஆடினாலும் ஆடாவிட்டாலும் மாதச் சம்பளம் வந்தது, காயமுற்றவர் அலுவலக மேசைக்குத் திரும்பலாம். இன்றைய உள்நாட்டு ஆட்டக்காரரின் வருவாயில் பெரும்பகுதி நாட்கூலியைப் போன்றது. 2021 இல் நிர்ணயித்தபடி, களமிறங்கும் பதினொருவருக்கு அவரவர் அனுபவத்துக்கேற்ப நாளொன்றுக்கு நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் ரூபாய் வரை. வெளியே அமர்பவருக்கு அதில் பாதி. தாராவியிலிருந்து வந்த சிம்ரன் ஷேக்கை 2024 டிசம்பர் மகளிர் ஏலத்தில் குஜராத் அணி 1.9 கோடி ரூபாய்க்கு எடுத்தது. தையலும் தோல் வேலையும் துண்டுக்கணக்குக் கூலியில் நடக்கும் தாராவியில், இந்தச் செய்தியைக் கேட்ட சிறுமி எந்த ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்க மனம் கொள்ளமாட்டாள். அவளுக்கு ஓய்வு விதிப்பதானால் அந்த நாளின் கூலியை யாரேனும் கொடுத்தாக வேண்டும். மாநிலச் சங்கங்கள் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு மட்டுமாவது ஆட்டக் கணக்கின்றி ஆண்டு ஊதியம் வழங்கத் தொடங்கினால், பதினேழு பதினெட்டு வயதில், எலும்பு முதிராத பருவத்தில் விழும் விரிசல்களுக்கு ஓரளவேனும் அணை கட்டலாம்.