கை கழுவினாற் பழி நீங்குமா?

(பெரிய வெள்ளி நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இயேசு பெருமானைச் சிலுவையில் அறைந்தவர் யார்? இவ்வினாவுக்கு நாம் விரைந்து விடை கூறிவிடுகின்றோம். யூதாசு காட்டிக் கொடுத்தான். தலைமைக் குருக்கள் குற்றஞ் சாட்டினர். தேசாதிபதி பிலாத்து தீர்ப்பளித்தான். உரோமைப் போர்வீரர் ஆணி அறைந்தனர். இந்தப் பட்டியலில் எமது பெயர் மட்டும் இல்லை!

பிலாத்துவைச் சற்று நோக்குவோம். கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன் அவன். கொல்லவும் விடுவிக்கவும் அதிகாரம் பெற்றிருந்தவன். தன் முன் நிற்பவர் குற்றமற்றவர் என்பதை அவன் உணர்ந்திருந்தான் என்றே சுவிசேஷங்கள் கூறுகின்றன. உணர்ந்திருந்தும் கூட்டத்தின் கூச்சலுக்கு அஞ்சினான். இராயனின் சினத்துக்கு அஞ்சினான். ஈற்றில் நீர் வருவித்துக் கைகளைக் கழுவினான். கை ஈரமாயிற்று, தீர்ப்பு மாறவில்லை.

அவன் தட்டிக் கழித்த பழியைப் பிற்காலக் கிறிஸ்தவர்கள் யூத இனம் முழுவதன்மீதும் சுமத்தினர். 1096ஆம் ஆண்டிற் சிலுவைப் போருக்கெனப் புறப்பட்ட கூட்டத்தினர் ரைன் நதிக்கரை நகரங்களிலே யூத மக்களைக் கொன்று குவித்தனர். சிலுவையின் பெயராலேயே புதிய சிலுவைகள் நாட்டப்பட்டன!

எனினும் திருச்சபையின் போதனையிலே வேறொரு குரலும் ஒலித்தது. திரெந்துச் சங்கத்தின் ஆணைப்படி 1566இல் வெளிவந்த ஞானோபதேச நூல், இம்மரணத்துக்குக் காரணர் பாவிகளாகிய நாமே என்றும், அறிந்தே பாவஞ் செய்யும் கிறிஸ்தவரின் குற்றம் யூதரின் குற்றத்திலும் பெரிதென்றும் போதித்தது. அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மீதோ இன்றைய யூதர்மீதோ இப்பழியைச் சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28இற் பிரகடனஞ் செய்தது. ஒல்லாந்து ஓவியர் றெம்பிராண்ட் 1633ஆம் ஆண்டளவில் இவ்வுண்மையைத் தூரிகையாற் கூறினார். சிலுவையைத் தூக்கி நிறுத்துவோரிடையே தம் முகத்தையே அவர் வரைந்து வைத்தார்.

அன்பர்களே! பேதுருவும் அன்று தவறினார். தம் குருவையே அறியேன் என்று மும்முறை மறுத்தார். ஆனால் சேவல் கூவியதும் மனங் கசந்து அழுதார். பிலாத்து கை கழுவினான். பேதுரு கண்ணீர் வடித்தார். பழியை மறுத்தவனுக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. ஏற்றவருக்கோ அவ்வழி திறந்தது.

குற்றமற்றவன் ஒருவன் எம் கண்முன்னே தண்டிக்கப்படும்போது, உண்மை அறிந்தும் வாய் மூடி நிற்கின்றோமா? பலர் கூடிச் செய்த தீமையில் எமது பங்கு சிறிதென்று ஆறுதல் தேடுகின்றோமா? அவ்வாறாயின் பிலாத்துவின் நீர்ப்பாத்திரம் இன்று எமது கையிலேயே இருக்கின்றது. அதைக் கீழே வைப்போம். பிறர் குற்றத்தை எண்ணுமுன் எமது பங்கை எண்ணுவோம். சிலுவையடியில் நிற்பதற்கு அதுவே முதற்படி.