ஹாஸ்டல்ல அப்படி என்னதான் இருக்கு?

போன எபிசோட் வந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர்லேர்ந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ப்ளஸ் டூ முடிச்சிருக்கார். கிருஷ்ணன்கோவில்ல இன்ஜினியரிங் சேரப் போறார். "அண்ணே, வீட்டிலேர்ந்து பஸ்ல போற தூரம்தான். ஹாஸ்டல் எதுக்கு வெட்டிச் செலவுன்னு அப்பா கேக்குறார். ஹாஸ்டல்ல அப்படி என்னதான் இருக்கு?" இதுதான் கேள்வி. அப்பா கேக்குறது நியாயமாத்தான் படுது. அதனால அவருக்கும் சேர்த்தே பேசறேன்.

இடம் தெரியாதவங்களுக்காக ஒரு வரி. மதுரையிலேர்ந்து ராஜபாளையம் போற ரோட்டுல, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொஞ்சம் முன்னாடி வர்றது கிருஷ்ணன்கோவில். 1984ல அங்க ஆரம்பிச்ச கலசலிங்கம் பொறியியல் கல்லூரி, 2006ல நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் ரோடு. நடுவுல ஆயிரக்கணக்கான பசங்க.

எனக்கு ராஜபாளையம் சொந்த ஊர். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல நின்னா, அந்தப் பசங்க இறங்குறதைப் பார்க்கலாம். அதுல ஆந்திரா, தெலங்கானா பசங்க நிறைய. ஒரு தடவை ஒரு கடையில குண்டூர்ப் பையன் ஒருத்தன் அரைகுறைத் தமிழ்ல விலை கேட்டுட்டிருந்தான். கடைக்காரப் பெரியவர் தெலுங்குலயே பதில் சொன்னார். பையன் அப்படியே நின்னுட்டான். "மீரு தெலுகுவாரா?" ராஜபாளையம் ராஜுக்கள் வீட்டுல பல தலைமுறையா தெலுங்குதான்னு அவனுக்கு யார் சொல்லியிருப்பா? அந்தத் தெலுங்குல பாதி அவனுக்குப் புரியலைங்கிறது வேற விஷயம். அப்படியும் அடுத்த வாரம் நாலு பேரைக் கூட்டிட்டு அதே கடைக்கு வந்தான்.

சரி, கேள்விக்கு வருவோம். ஹாஸ்டல் வேற, உறைவிடக் கல்லூரி வேற. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ்ல 'காலேஜ்'னா வகுப்பறை மட்டும் இல்ல. பல்கலைக்கழகத்துக்குள்ள இருக்குற ஒரு பெரிய வீடு மாதிரி. சட்டம் படிக்கிறவனும் கணிதம் படிக்கிறவனும், முதல் வருஷமும் கடைசி வருஷமும், ஒரே இடத்துல சாப்பிடுவாங்க. ஆசிரியரும் அங்கேயே இருப்பார். இந்த எண்ணத்தை நம்ம பக்கம் கொண்டு வந்ததுல ரெண்டு இடம் முக்கியம். ஒண்ணு, 1929ல தொடங்கின அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இன்னொண்ணு இலங்கையில பேராதனை. ஐவர் ஜென்னிங்ஸ் துணைவேந்தரா இருந்தப்போ, 1952ல கொழும்புலேர்ந்து மாணவர்களைப் பேராதனைக்கு மாத்தினாங்க. அங்க விடுதிகளுக்கே அருணாசலம், இராமநாதன்னு பேர்.

கேக்க ரொம்ப அழகா இருக்கு, இல்ல? ஆனா இந்த ரெண்டு இடத்துலயும் நடந்ததைச் சொல்லாம விட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.

1996 நவம்பர்ல, அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி முதலாமாண்டு மாணவர் பொன் நாவரசுவை விடுதியில ஒரு சீனியர் கொலை பண்ணார். நாவரசுவோட அப்பா சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவ்வளவு பெரிய இடத்துப் பையனுக்கே அந்த கதி. 1997ல தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. அதே 1997ல பேராதனையில வரப்பிரகாஷ்ங்கிற தமிழ் இன்ஜினியரிங் மாணவர் ராகிங்ல செத்துப் போனார். அடுத்த வருஷம் இலங்கையிலும் சட்டம் வந்துச்சு. இங்க 2009ல இமாச்சல்ல அமன் கச்ரூ இறந்த பிறகு, யுஜிசி நாடு முழுக்க விதிமுறை கொண்டு வந்தாங்க. புதுசா சேர்றவங்களை முடிஞ்ச வரைக்கும் தனி விடுதிக் கட்டடத்துல வைக்கணும்கிறது அதுல ஒண்ணு. வருஷா வருஷம் நீங்களும் உங்க அப்பாவும் கொடுக்குற உறுதிமொழியும் அங்கேருந்துதான் வருது.

அந்த விதி வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். அது உயிரைக் காப்பாத்துற விதி. ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு. உறைவிடக் கல்லூரியோட உயிரே வேற வேற வருஷத்துப் பசங்க ஒண்ணா இருக்குறதுதான். அதைத்தான் நாம வெட்டி எடுத்துட்டோம். வெட்டின இடத்துல வேற எதையும் வைக்கல.

நான் படிச்சது வேற ஊர்ல, ஹாஸ்டல்லதான். எனக்கு லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணக் கத்துக்கொடுத்தது எந்தப் பேராசிரியரும் இல்ல. மெஸ்ல தோசைக்கு வரிசையில நின்ன ஒரு ஃபைனல் இயர் அண்ணன். முதல் வேலைக்கு ரெஸ்யூமே திருத்திக் கொடுத்ததும் அவரேதான். அந்த வரிசை மட்டும் இல்லன்னா அவர் யாரு, நான் யாரு?

இப்ப கிருஷ்ணன்கோவில் மாதிரி இடங்கள்ல படிக்கிற தம்பிகள்கிட்ட "சீனியரை எங்கடா பார்த்தீங்க?"ன்னு கேட்டா, பாதிப் பேர் சொல்ற பதில் "பஸ்லண்ணே". ராஜபாளையத்துக்குப் படம் பார்க்கப் போற பஸ், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடை வாசல், ஊருக்குப் போற வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில். கேம்பஸுக்குள்ள இல்லாத காலேஜ் வெளியில ரோட்டுல நடக்குது. பையன்களுக்கு இது எப்படியோ ஓடிடுது. சாயங்காலம் கேட் பூட்டுற பொண்ணுங்க விடுதியில இருக்குறவளுக்கு அந்த பஸ் ஏது? பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில வைக்கக் கூடாதுன்னு யுஜிசியோட 2015 விதிமுறையே சொல்லுது. எத்தனை வார்டன் அதைப் படிச்சிருப்பாங்க?

செய்ய முடியாத காரியம் ஒண்ணும் இல்ல. படுக்கை தனித்தனியா இருக்கட்டும். வெளிச்சம் இருக்குற, ஆள் நடமாட்டம் இருக்குற, ஒரு ஆசிரியர் கண் எட்டுற இடம் பொதுவா இருக்கட்டும். மெஸ் கமிட்டியில நாலு வருஷத்துப் பசங்களும் உட்காரட்டும். ராத்திரி படிக்கிற கூடத்தைப் பூட்டாம இருக்கலாம். நிறைய விடுதியில வார்டன் வேலைன்னா வருகைப் பதிவேடுன்னு ஆயிடுச்சு. அவரே வாரம் ஒரு தடவை பசங்களோட உட்கார்ந்து சாப்பிட்டா, மெஸ் ருசியும் கொஞ்சம் தேறும்.

அதனால தம்பி, அட்மிஷன் ஆபீஸ்ல கேக்காதீங்க. கேட்டுக்கு வெளியில டீ குடிக்கிற ஒரு செகண்ட் இயர் பையனைப் பிடிங்க. ராத்திரி பத்து மணிக்கு ஒரு கணக்குல சந்தேகம் வந்தா யார்கிட்ட போவேன்னு கேளுங்க. சட்டுனு ஒரு பேர் சொன்னான்னா, ஹாஸ்டல்ல சேருங்க. கட்டுற காசு வீண் இல்லன்னு அப்பாகிட்ட தைரியமா சொல்லலாம். யோசிச்சு நின்னான்னா, வீட்டிலேர்ந்தே போய்ட்டு வாங்க. மிச்சமாகிற காசுல ஒரு நல்ல லேப்டாப் வரும்.

எங்க சேர்ந்தாலும் சரி, ராகிங் புகார் எண் 1800 180 5522. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க. போன்ல சேவ் பண்ணி வச்சுக்கங்க.

நீங்க உங்க சீனியரை முதல்ல எங்க பார்த்தீங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள. போன தடவை ஒருத்தர் பதினோரு நிமிஷம் பேசியிருந்தார்.